காதல் நகைச்சுவை, உளவியல் த்ரில்லர்: உங்கள் வாசிப்பு அனுபவங்களைப் பகிருங்கள்

வைகைக்கரை வாசகி எழுதியது:

காதல் நகைச்சுவை நாவல் படித்தால் பொழுதுபோக்கு, உளவியல் த்ரில்லர் படித்தால் மூளைக்கு வேலை என்று வாசகர்கள் நடுவே ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. இரண்டையும் மாறி மாறிப் படிக்கும் எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. த்ரில்லர் எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. முடிவு அவரிடம் மறைவாக இருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆவலே நம்மைப் பக்கம் புரட்ட வைத்துவிடும். காதல் நகைச்சுவை எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்பது அட்டைப்படத்திலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் நம்மை எழவிடாமல் கடைசிப் பக்கம் வரை உட்கார வைக்கிறாரே, அதுவல்லவா கைத்திறன்!

ஹெலன் ஃபீல்டிங்கின் பிரிட்ஜெட் ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் லண்டனின் 'தி இண்டிபெண்டண்ட்' நாளிதழில் பத்தியாகத் தொடங்கி, 1996இல் நாவலாக வந்தது. நாட்குறிப்பு வடிவம். ஒவ்வொரு நாளும் அன்றைய எடை, குடித்த மது, புகைத்த சிகரெட், கலோரி என்று ஒரு கணக்கோடு தொடங்கும். முதலில் இது வெறும் வேடிக்கை என்றுதான் தோன்றும். கொஞ்ச தூரம் போனபின் அந்தக் கணக்கே கதை சொல்லத் தொடங்கிவிடுகிறது. சிகரெட் எண்ணிக்கை எகிறியிருந்தால் மனசு சரியில்லை என்று அவள் வாய்திறக்கும் முன்பே நமக்குப் புரிந்துவிடும்.

நாயகன் பெயர் மார்க் டார்சி. ஜேன் ஆஸ்டின் 1813இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் படைத்த, முதலில் நாயகியின் வெறுப்பையும் பிறகு அவள் காதலையும் பெறுகிற டார்சியை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும். புத்தாண்டு விருந்தில் பிரிட்ஜெட் அவனைப் பார்க்கிறாள். அறைக்கு முதுகைக் காட்டியபடி புத்தக அலமாரியை மேய்ந்துகொண்டு நிற்கிறான். பின்னாலிருந்து பார்த்தால் சாதாரண நீல ஸ்வெட்டர். திரும்பினால் முன்பக்கம் முழுக்க மஞ்சளும் நீலமுமாக வைரக் கட்டங்கள்! அந்த நொடியே அவள் மனம் அவனைத் தள்ளிவிடுகிறது. இவன்தான் மாப்பிள்ளை என்று அதே நொடியில் நமக்கு உறுதியாகிவிடுகிறது. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது என்பதில்தான் சிரிப்பு பிறக்கிறது.

உளவியல் த்ரில்லரில் இது அப்படியே தலைகீழ். கதை சொல்கிறவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. சில கதைகளில் சொல்கிறவருக்கே தெரியாது. அது இன்னும் கொடுமை. பாலா ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்' (2015) அந்த வகை. ரேச்சல் தினமும் காலை 8.04 ரயிலைப் பிடித்து லண்டன் போகிறாள். வேலை எப்போதோ போய்விட்டது. வீட்டில் இடம் கொடுத்திருக்கும் தோழிக்கு அது தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகவே போகிறாள், வருகிறாள். குடியில் நினைவு தப்பிய ஓர் இரவு அவள் கணக்கில் இருக்கிறது. அன்று தான் என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை. நாம் நம்பியாக வேண்டிய சாட்சியின் நிலை இது.

இந்தப் புத்தகத்தை ஒட்டி எனக்கு நேர்ந்த ஒரு சந்திப்பைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் இதே நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் படித்த விதம் என் கண்ணைப் பிடித்து இழுத்தது. இடப்பக்கம் படிக்கும்போது, மடித்த செய்தித்தாளை வலப்பக்கத்தின்மேல் வைத்து முழுவதுமாக மறைத்துக்கொள்வார். வலப்பக்கம் வந்ததும் அந்தத் தாளை வரி வரியாகக் கீழே இறக்குவார். ஏன் என்று கேட்டேன்.

"இந்தக் கண் இருக்கிறதே, சரியான திருட்டுக் கண் அம்மா. நான் ஒரு வரி படிப்பதற்குள் அது பக்கத்தின் அடிக்கு ஓடிவிடுகிறது."

நான் இதைப் படித்திருக்கிறேன் என்று சொன்னேனோ இல்லையோ, கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். வகுப்பில் பேசிய பிள்ளையை அடக்கும் குரல். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது. ரயில் திருச்சியைத் தாண்டும்போது அவரே என் பக்கம் திரும்பினார். "முடிவு வேண்டாம். ஒன்றை மட்டும் சொல். இவள் என்னிடம் பொய் சொல்கிறாளா, இல்லை இவளுக்கே தெரியவில்லையா?"

உளவியல் த்ரில்லர் என்ற வகை மொத்தமும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும் என்பேன். "அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் அம்மா" என்றேன். சிரித்துவிட்டு மறுபடி தாளை இறக்கத் தொடங்கினார். திண்டுக்கல் வருவதற்குள் முடித்துவிட்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவளை யாராவது உட்கார வைத்து ஒரு வேளை சோறு போட்டு, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால், இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். அந்த நாவலைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் படித்திருக்கிறேன். எல்லாம் திருப்பத்தைப் பற்றியே பேசின. ரேச்சலின் பசியைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

திருப்பத்துக்காக மட்டும் படிப்பவர்களுக்கு த்ரில்லரில் பாதிதான் கிடைக்கிறது. கில்லியன் ஃபிளின்னின் 'கான் கேர்ள்' (2012) நாவலை நான் இரண்டாம் முறை படித்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. காணாமல்போன மனைவியின் நாட்குறிப்பும் கணவனின் வாக்குமூலமும் மாறி மாறி வரும். முதல் வாசிப்பில் யார் பொய் சொல்கிறார் என்று துழாவினேன். இரண்டாம் வாசிப்பில் எழுத்தாளர் நம்மிடம் நேர்மையாக நடந்துகொண்டாரா என்று பார்த்தேன். தடயங்கள் எல்லாம் கண்முன்னாலேயே கிடந்தன. நான்தான் வேறு பக்கம் பார்க்க வைக்கப்பட்டிருந்தேன். இந்த நேர்மை இல்லாமல், கடைசி அத்தியாயத்தில் இரட்டைச் சகோதரியை இறக்குமதி செய்யும் கதைகளை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

உங்களுக்கும் இப்படிப் புத்தகத்தோடு வந்த மனிதர்கள் இருப்பார்கள். எழுதுங்கள். ஒரே வேண்டுகோள்: த்ரில்லரின் முடிவைச் சொல்லிவிடாதீர்கள். காதல் கதையின் முடிவைத் தாராளமாகச் சொல்லலாம்.

வார்டு நம்பர் ஏழு எழுதியது:

என் சந்திப்பு என் அப்பாவோடுதான். போன வருடம் அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தார். இரவில் துணைக்கு நான். வழக்கமாக நான் த்ரில்லர்தான் படிப்பேன். அங்கே முடியவில்லை. ஒவ்வொரு மருந்து பாட்டிலும் மானிட்டரும் சந்தேகத்துக்குரியதாகத் தெரிகிற இடத்தில், பயத்தை விலைகொடுத்து வாங்கிப் படிக்க மனம் வரவில்லை. அலுவலகத் தோழி ஒருவர் கிரேம் சிம்சியன் எழுதிய 'தி ரோஸி புராஜெக்ட்' (2013) நாவலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மெல்போர்னில் டான் டில்மன் என்று ஒரு மரபணுப் பேராசிரியர். பெண் தேடுவதற்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறார். அவர் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. இன்ன கிழமைக்கு இன்ன சாப்பாடு, செவ்வாய்க்கிழமை என்றால் லாப்ஸ்டர். இதைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னடா சிரிக்கிறாய் என்று கேட்டார் அப்பா. அவருக்கு ஆங்கில நாவல் பழக்கம் இல்லை. அதனால் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பெண் பார்க்கப் போகிற இடத்தில் கேள்வித்தாளை நீட்டுவதா என்று அப்பாவுக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்த அரைமணி நேரத்தில், "அந்த ஆள் நல்லவன்டா, பேசத்தான் தெரியவில்லை" என்று கட்சி மாறிவிட்டார்.

மறுநாள் மாலை நான் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பேராசிரியர் இன்றைக்கு என்ன செய்தார்?" சாப்பிடப் பிடிவாதம் பிடிக்கும் நேரங்களில் அது எனக்குப் பெரிய ஆயுதமானது. இரண்டு இட்லி உள்ளே போனால்தான் அடுத்த அத்தியாயம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரும், அவர் மனைவியும், ராத்திரிப் பணிக்கு வரும் நர்ஸும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கதை கல்யாணத்தில்தான் முடியும் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேட்டார்கள். வீடு திரும்புவோமா என்று யாருக்கும் உறுதியில்லாத இடத்தில், நிச்சயமாக நல்லபடி முடியப்போகிற ஒன்று கையில் இருந்தது. காதல் நகைச்சுவையை இனி யாராவது மட்டமாகப் பேசினால் நான் சண்டைக்கு வருவேன்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அடுத்து என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

முடிவைச் சொல்லாதீர்கள் என்று வாசகி கேட்டதைப் பார்த்ததும் பழைய ஆத்திரம் கிளம்பிவிட்டது. திருச்சியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கே எடுத்த துப்பறியும் நாவல்களில், கொலை நடக்கும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "இவன்தான்" என்று எழுதி, ஒரு பெயரின்கீழ் கோடு போட்டிருக்கும். எல்லாம் ஒரே கையெழுத்து. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அழித்து அழித்து என் ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம்.

அதே அலமாரியில் டாஃப்னி டு மோரியேவின் 'ரெபெக்கா' (1938) கிடைத்தது. அதிலும் பென்சில் கை வைத்திருந்தது. பெரிய ரகசியம் இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துபோனது. ஆனாலும் அந்த நாவல் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. கதை சொல்லும் பெண்ணுக்குப் பெயரே கிடையாது, கடைசிவரை. பெரிய மாளிகைக்கு இரண்டாம் தாரமாக வருகிறாள். ஒருநாள் மேசைமேல் இருந்த பீங்கான் பொம்மை ஒன்று கைதவறி உடைந்துவிடுகிறது. வீட்டுக்கு எஜமானி அவள்தான், கேட்க ஆளில்லை. ஆனால் அவள் சில்லுகளைப் பொறுக்கி மேசை இழுப்பறையின் உள்பக்கத்தில் ஒளித்து வைக்கிறாள், வீட்டைக் கவனிக்கும் டான்வர்ஸ் அம்மாளுக்குப் பயந்து. பழி ஒரு வேலைக்காரப் பையன்மேல் போகிறது.

கொலை இல்லை, ரத்தம் இல்லை. ஒரு பொம்மை உடைந்தது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஊறுகாய் ஜாடியின் மூடியை உடைத்துவிட்டு, துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு நின்ற அன்று, எனக்கு அந்தப் பக்கம் அப்படியே கண்முன் வந்தது. உளவியல் த்ரில்லர் என்றால் இதுதான். ரகசியம் தெரிந்த பின்னும் பயம் குறையாமல் இருக்க வேண்டும். பென்சில்காரரால் என்னிடமிருந்து அதைப் பிடுங்க முடியவில்லை.

கோவைக்காரன் எழுதியது:

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ரமணிசந்திரனின் காதல் நாவல்கள், அப்பாவுக்கு எங்கள் ஊர்க்காரர் ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவல்கள். மாத நாவல்கள் பஸ் நிலையக் கடையிலிருந்து ஜோடியாகத்தான் வரும். ஒருவர் புத்தகத்தை மற்றவர் தொடமாட்டார். மழைக்காலத்தில் கடைக்குப் போக முடியாமல் ஒரு தடவை மாற்றிப் படித்தார்கள். "இந்தக் கதாநாயகனை நம்ப முடியாது, எதையோ மறைக்கிறான்" என்று அப்பா காதல் நாவலில் குற்றவாளியைத் தேடினார். அம்மாவோ, செத்துப்போனவனின் மனைவிக்கு இனி யார் துணை என்று கவலைப்பட்டார். எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) நாவலில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் காதல் கதை எழுத்தாளரும் கனமான இலக்கியம் எழுதுபவரும் ஒருவர் வகையை மற்றவர் எழுதிப் பார்ப்பதாகப் பந்தயம் கட்டுவார்கள். அதைப் படித்தபோது எனக்கு இவர்கள் ஞாபகம்தான்.

வைகைக்கரை வாசகி எழுதியது:

வார்டு நம்பர் ஏழு அவர்களே, அப்பா நலமாக இருக்கிறார் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. கவலையே வேண்டாம், அந்தக் கதை தொடர்கிறது. 'தி ரோஸி எஃபெக்ட்' 2014இல் வந்தது, 'தி ரோஸி ரிசல்ட்' 2019இல். முதலில் 2014இல் வந்ததை எடுங்கள். பேராசிரியர் கல்யாணம் முடித்து நியூயார்க்கில் குடித்தனம் நடத்துகிறார், மனைவி கர்ப்பமாக இருக்கிறார், அவர் அதற்கும் அட்டவணை போடத் தொடங்கிவிட்டார் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இட்லி எண்ணிக்கையை இந்த முறை மூன்றாக உயர்த்திவிடலாம்.