1972 ஆல்ஃபா ரோமியோ மாண்ட்ரியல்: எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

மிலான் பக்கத்தில் ஒரு 1972 ஆல்ஃபா ரோமியோ மாண்ட்ரியல் கார் விற்பனைக்கு வந்திருக்கிறது, 65 ஆயிரம் யூரோ சொல்கிறார்கள், மூன்று வாரமாக முடிவெடுக்க முடியாமல் திண்டாடுகிறேன். மொத்தமே சுமார் 3,900 வண்டிகள்தான் வந்தன, விலை இறங்காது என்கிறார் தரகர் (அவர் வேறென்ன சொல்வார்). ஆனால் 2.6 லிட்டர் வி8 இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரிஜினல் ஸ்பிக்கா இன்ஜெக்‌ஷன் பம்பை யாரோ கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டியிருக்கிறார்கள், பழைய பம்பும் கையில் இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறது, கதவுக்கு அடியில் கொஞ்சம் துரு. ஆரெசேயிலுள்ள ஆல்ஃபா ரோமியோ காப்பகத்தின் சான்றிதழில் ஆரஞ்சு நிறம் என்றிருக்கிறது, வண்டியோ சிவப்பு.

ஏல முடிவுகளைத் தேடினேன், கண்ணில் பட்டதெல்லாம் ஒரிஜினல் பம்போடு இருப்பவை. இரண்டு மெக்கானிக்குகளைக் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். வாங்கினால் பத்து வருடமாவது வைத்திருப்பேன். சரி, ஸ்பிக்கா பம்ப் இல்லாத மாண்ட்ரியலுக்கு விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்பது நியாயம்?