லினக்ஸுக்காகப் பழைய லேப்டாப் வாங்கிய அனுபவம்

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸுக்குக் குறைந்த விலையில் லேப்டாப் தேடுபவர்கள், மலிவான புதிய மாடல்களை விட்டுவிட்டு, நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட், ஹெச்பியின் எலைட்புக் வகைகளைப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மலிவான புதியவை பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னாளில் அதைக் கூட்ட வழியிருப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கிய திங்க்பேட் டி480, 2018-இல் வெளிவந்த மாடல். அதில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டுகள் உண்டு. பேட்டரியும் இரண்டு, உள்ளே ஒன்று, வெளியிலிருந்தே கழற்றி மாட்டக்கூடியது மற்றொன்று. எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படத்துடன் விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ இலவசமாகவே தருகிறது.

ஆனால் மாடல் பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரரின் அனுமதியுடன் அதிலிருந்தே லேப்டாப்பை இயக்கி, வைஃபை, ஒலி, கேமரா, மூடியை மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து மீள்கிறதா என்பது வரை அங்கேயே பார்த்துவிட்டேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், பேட்டரி நிலையைக் காட்டும் யுபவர் (upower) கட்டளை கொடுத்தபோது, 24 வாட்-மணிக்கு வடிவமைக்கப்பட்ட உள் பேட்டரி முழு சார்ஜிலும் 14-ஐத் தாண்டவில்லை என்று தெரிந்தது. திரையில் அந்த இரண்டு எண்களையும் காட்டியதும், கடைக்காரர் மறுபேச்சின்றி அதே மாடலில் வேறொன்றை எடுத்துத் தந்தார்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: திங்க்பேடை இயக்கியவுடன் எஃப்1 விசையை அழுத்தி, லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் செல்லுங்கள். அந்த அமைப்புகளை மாற்றவிடாமல் பூட்ட பழைய நிறுவனம் வைத்த சூப்பர்வைசர் கடவுச்சொல் அப்படியே இருந்தால், அந்த லேப்டாப் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். திங்க்பேடில் அது மதர்போர்டின் சின்ன பேட்டரியைக் கழற்றினால் அழியக்கூடியது அன்று.

கைரேகை சென்சாரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். டி480-இல் அது லினக்ஸில் நேரடியாக வேலை செய்வதில்லை.

*

மேலே நண்பர் எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். கல்லூரியில் படிக்கும் தங்கைக்கு டி480-ஐ விட ஒரு தலைமுறை பழைய டி470-ஐ வாங்கினேன். விண்டோஸ் 11, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இதனால் ஏழாம் தலைமுறை பிராசஸர் உள்ள என் டி470 போன்ற லேப்டாப்புகள் விண்டோஸ்காரர்களுக்கு மதிப்பிழந்தாலும், லினக்ஸுக்கு அவை இன்றும் தாராளமாகப் போதும். டி470-இல் இருப்பது இன்டெல் வைஃபை என்பதால், மற்றொரு லினக்ஸ் வகையான டெபியன் 12-ஐ நிறுவும்போதே இணைப்பு கிடைத்துவிட்டது. பிராட்காம் சிப் உள்ளவற்றில் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும் என்பதால், பென்டிரைவில் இயக்கும்போதே எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்து வைஃபை சிப்பின் பெயரைப் பார்த்துக்கொள்வது நல்லது.