நேபாளத்துல ஏர்போர்ட் மூடினது ஒரு நாளா, ரெண்டு நாளா?

மலைக்கோட்டைவாசி:
யாரோ ஒரு புண்ணியவான் காலையில போட்டிருக்கார்: "நேபாளம் சேஃப். செப்டம்பர் 2025 கலவரத்துலயே காத்மாண்டு ஏர்போர்ட்டை ஒரு நாள்தான் மூடினாங்க. தைரியமா முக்திநாத் கோயிலுக்குக் கிளம்புங்க." 9ஆம் தேதி மூடி 10ஆம் தேதி சாயந்தரம் திறந்தாங்க. எங்க ஊர்ல அதுக்குப் பேர் ரெண்டு நாள்.

ஊர்சுற்றி_கோவை:
அந்தப் புண்ணியவான் நான்தான். 9ஆம் தேதி மத்தியானத்துலேர்ந்து 10ஆம் தேதி சாயந்தரம் வரைக்கும்னா 24 மணி நேரமும் சொச்சமும். ஒரு நாள்.

மலைக்கோட்டைவாசி:
சொச்சத்தை யார் தலையில கட்டுறீங்க? உங்க "ஒரு நாள்"லதான் பார்லிமென்ட் எரிஞ்சுது, அரசாங்கத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிஞ்சுது, ஹில்டன் ஓட்டல் எரிஞ்சுது, பிரதமர் ஓலி பதவியை விட்டே ஓடினார். முந்தின நாளே 19 பேர் செத்தாச்சு. சேஃபாம்!

தாயார்_பாதம்:
அம்மாவுக்கு 71 வயசு. ஏப்ரல்ல கூட்டிட்டுப் போறேன். என்ன ஜாக்கிரதை வேணும்னு யாராச்சும் சொல்லுங்களேன்?

ஊர்சுற்றி_கோவை:
சொல்றேங்க. பந்த்னு கேள்விப்பட்டா ஓட்டல விட்டு இறங்காதீங்க. கூட்டத்தை வீடியோ எடுக்காதீங்க. டிக்கெட்டு, ஓட்டல் முகவரி எல்லாம் பேப்பர்ல வச்சுக்கங்க. அப்ப வாட்ஸ்அப் உட்பட 26 தளத்தை அரசாங்கமே முடக்குச்சு, சண்டை ஆரம்பிச்சதே அதுலதான். முக்திநாத்துக்குப் பக்கத்து ஊரான ஜோம்சோமுக்கு விமானம் காலையில மட்டும், அப்புறம் காத்து தூக்கிடும். ஊர் திரும்புறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கையில இருக்கட்டும்.

மலைக்கோட்டைவாசி:
பாருங்கய்யா, "ரெண்டு நாள்"! மூடினது ஒரு நாள்தானே, ரெண்டு எதுக்கு?

ஊர்சுற்றி_கோவை:
அது மேகமூட்டத்துக்கும் சேர்த்துங்க. எல்லாத்துலயும் நொட்டை சொல்லாதீங்க.

அரங்கன்_அடிப்பொடி:
முக்திநாத், திருமங்கையாழ்வார் பாடி மங்களாசாசனம் பண்ணின திவ்யதேசம். பெருமாள் பார்த்துப்பார். ஆதார் இருந்தா போதும், கிளம்புங்கோ.

மலைக்கோட்டைவாசி:
ஆழ்வார் காலத்துல ஊரடங்கும் கிடையாது, இமிகிரேஷன் கவுன்ட்டரும் கிடையாது சாமி. ஆதாரை நீட்டினா பிளேன் ஏற விடமாட்டான். பாஸ்போர்ட், இல்லன்னா வாக்காளர் அட்டை.

அரங்கன்_அடிப்பொடி:
65 தாண்டினவாளுக்கு 2019லேர்ந்து ஆதார் செல்லும். அந்த அம்மாவுக்கு 71. படிச்சுட்டுப் பேசுங்கோ.

மலைக்கோட்டைவாசி:
அம்மாவை ஏத்திட்டு, கூட வர்ற பிள்ளையை இறக்கிவிடுவான். பரவாயில்லையா?

ஊர்சுற்றி_கோவை:
போன வருஷம் கேதார்நாத் பேச்சுலயும் இவரு இப்படித்தான். குதிரைக் கூலிக்கு நாலு பக்கம் சண்டை. கடைசியில பார்த்தா ஆள் ரிஷிகேசத்தையே தாண்டினதில்ல.

மலைக்கோட்டைவாசி:
நான் எதைத் தாண்டினேன்ங்கறது இங்க கேள்வி இல்ல. குதிரைக் கூலியிலயும் நான் சொன்னதுதான் சரி, அன்னிக்கும் பாதியில ஓடினது நீங்க.

தாயார்_பாதம்:
அண்ணா, போகலாமா வேண்டாமா?

மலைக்கோட்டைவாசி:
இரும்மா. முதல்ல இவர் பதில் சொல்லட்டும். 9 ஒரு தேதி, 10 ஒரு தேதி. எத்தனை ஆச்சு?

ஊர்சுற்றி_கோவை:
24 மணி நேரம்.

மலைக்கோட்டைவாசி:
சொச்சம்?