மறு: ஸ்பேர் ரிப்ஸ் – ‘உபரி விலா’ வேண்டாம், ‘நெஞ்சுவிலா’ எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பல நாட்டு விலா எலும்புச் சமையலைத் தமிழில் நூலாக எழுதிவரும் நண்பர், பன்றியின் விலா எலும்புத் துண்டம் ஒன்றைக் குறிக்கும் ‘ஸ்பேர் ரிப்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயருக்கு ஒரு சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கினார். உபரி விலா, மிகை எலும்பு, பன்றி விலா, விலா அடுக்கு, பழுவெலும்பு என இதுவரை ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முதல் இரண்டும் அறவே கூடாது என்பது என் கருத்து. மற்றவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருப்பதால் மடல் சற்று நீளும், பொறுத்தருளுங்கள்.

> ஸ்பேர் என்றால் உபரி. ஆகவே உபரி விலா என்பதே நேர்ச்சொல்.

ஐயா, இது ஆங்கிலம் பேசுவோரையே ஏமாற்றிவரும் விளக்கம். இந்தச் சொல் வட ஜெர்மனியின் பழைய வழக்கிலிருந்து வந்தது. அங்கே அதன் வடிவம் ‘ரிப்பெஸ்பேர்’. ரிப்பெ என்பது விலா; ஸ்பேர் என்பது ஈட்டி, அதாவது இறைச்சியைக் குத்தி நெருப்பில் வாட்டும் கம்பி. 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது சொல்லின் இரு பாதிகளும் இடம் மாறிக்கொண்டன. பிறகு வந்தவர்கள் அதில் ‘உபரி’ என்ற பொருளைத் தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் உப்பூறல் போட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சிக்குக் ‘காசெலர் ரிப்பென்ஸ்பேர்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் நேர்ந்த பிழையைத் தமிழில் கலைச்சொல்லாக நிலைநிறுத்த நமக்கு எந்தத் தேவையும் இல்லை. அதற்காகக் ‘கம்பி விலா’ என்று வைக்கவும் நான் கேட்கவில்லை. இன்று இந்த எலும்பைப் பெரும்பாலும் யாரும் கம்பியில் குத்திச் சுடுவதில்லை.

> பன்றி விலா என்றாலே போதுமே, ஏன் குழப்ப வேண்டும்?

போதாது, அக்கா. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பன்றியின் விலாவிலிருந்து இரண்டு வேறுபட்ட துண்டங்கள் கிடைக்கின்றன. முதுகெலும்பை ஒட்டிய மேற்பகுதி ஒன்று: எலும்பு குட்டையானது, நன்றாக வளைந்தது, சதை மென்மையானது. அமெரிக்கர்கள் ‘பேபி பேக் ரிப்ஸ்’ என்பது இதைத்தான். குட்டையாக இருப்பதால் அந்தப் பெயர், குட்டிப் பன்றி என்பதால் இல்லை. அதற்குக் கீழே நெஞ்சை நோக்கி இறங்கும் பகுதி மற்றொன்று: எலும்பு நீளமானது, தட்டையானது, நுனியில் குருத்தெலும்பு உண்டு, சதையினூடே கொழுப்பும் நாரும் அதிகம். இதுதான் ஸ்பேர் ரிப்ஸ். நுனிக் குருத்தெலும்பை அறுத்து நீக்கிச் செவ்வகமாக்கினால் அது ‘செயின்ட் லூயிஸ்’ வெட்டு. அமெரிக்க வேளாண் துறையின் இறைச்சி விவரக்குறிப்பில் மூன்றுக்கும் தனித்தனி எண்களே உண்டு: ஸ்பேர் ரிப்ஸ் 416, செயின்ட் லூயிஸ் வெட்டு 416ஏ, முதுகுப்பக்க விலா 422. வாங்குபவரும் விற்பவரும் ஒன்றையே நினைத்துப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பிரிக்கிறார்கள்.

சமைப்பவருக்கும் இந்தப் பிரிவு முக்கியம். சுமார் 107 பாகை செல்சியஸில் புகையூட்டி வேகவைக்கும்போது முதுகுப்பக்க விலா ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் பதமாகிவிடும். ஸ்பேர் ரிப்ஸுக்கு ஆறு மணி நேரம்வரை ஆகலாம். நார் அதிகம் என்பதே காரணம். நாரிலுள்ள கொலாஜன் மெல்ல ஜெலட்டினாக இளகினால்தான் கறி மிருதுவாகும். அதற்குக் கறியின் உள்வெப்பம் 90 பாகையைத் தாண்ட வேண்டும். நம் நூலில் இரண்டுக்கும் ‘பன்றி விலா’ என்று ஒரே பெயர் இருந்தால், வாசகர் ஒரு துண்டத்தை வாங்கி மற்றொன்றின் கணக்கில் சமைப்பார். கறி ரப்பராக இருக்கும் அல்லது உதிர்ந்துபோகும்.

இனி என் பரிந்துரை. நம் ஆட்டிறைச்சிக் கடையில் இந்தப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. முதுகுப்பக்கத்து விலாவைச் ‘சாப்ஸ்’ என்றும், கீழே நெஞ்சுப் பக்கம் கொழுப்பும் குருத்தும் சேர்ந்து வருவதை ‘நெஞ்செலும்பு’ என்றும் கேட்டு வாங்குகிறோம். உடம்பு தேற வேண்டியவருக்கு நெஞ்செலும்பு சூப், வறுவலுக்குச் சாப்ஸ் என்று எந்தத் துண்டம் எதற்கு என்பதும் நமக்குத் தெரியும். பன்றியில் ஸ்பேர் ரிப்ஸ் இருக்கும் இடம் ஏறக்குறைய ஆட்டில் நெஞ்செலும்பு இருக்கும் இடமே. ஆகவே ஸ்பேர் ரிப்ஸ் என்பதற்கு ‘நெஞ்சுவிலா’ என்றும், பேக் ரிப்ஸ் என்பதற்கு ‘முதுகுவிலா’ என்றும் வைப்போம். ‘நெஞ்செலும்பு’ என்றே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். உடற்கூறு நூல்களில் அது மார்பின் நடுவெலும்பைக் குறிக்கக்கூடும். மேலும் நம் வாசகர் அதை ஆட்டோடுதான் சேர்த்து நினைப்பார். ‘வயிற்றுவிலா’ என்ற யோசனையும் எனக்கு வந்தது. வயிற்றுச் சதையை பேக்கனுக்காக (உப்பிட்டுப் புகையூட்டும் பன்றி இறைச்சி) அறுத்தெடுத்த பிறகு எஞ்சும் எலும்புதான் இது என்பதால் அதைக் கைவிட்டேன்.

‘பழுவெலும்பு’ சொன்ன நண்பருக்கு என் நன்றி. பழு என்றால் விலா எலும்பு; பழைய அகராதிகளில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இன்று அதை வாசிப்பவர் பழுத்ததா, பழுதானதா என்று தயங்குவார். சொற்பட்டியலில் விலாவுக்கு இணைச்சொல்லாகத் தரலாம்.

‘விலா அடுக்கு’ பற்றி: வெட்டாத முழுத் துண்டத்தில் 11 முதல் 13 எலும்புகள் பக்கம்பக்கமாக இருக்கின்றன, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படவில்லை. ‘விலாப்பாளம்’ பொருந்தும் என்பது என் எண்ணம். உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலுக்கு இறைச்சிக்கடையின் ‘சவ்வு’ இருக்கவே இருக்கிறது. எலும்பின் மேல் கத்தி நுனியால் சவ்வை நெம்பி, துணியால் பிடித்து உரிப்பது என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

இந்தச் சொற்கள் எல்லா நாட்டுக்கும் தாங்குமா என்று பார்ப்போம். சீனத்தில் இதற்குப் பெயர் ‘பாய்கு’. வரிசை எலும்பு என்று பொருள். அங்கே பாளமாகச் சமைப்பதைவிட, வெட்டுக்கத்தியால் எலும்போடு சேர்த்துச் சிறு துண்டுகளாக நறுக்குவதே வீட்டுச் சமையலில் அதிகம். கான்டன் பகுதியின் தேநீர்க்கடைகளில் புளிக்கவைத்த கறுப்பு சோயா மொச்சை, பூண்டு, கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசறி ஆவியில் வேகவைக்கிறார்கள். துண்டு சிறியதென்பதால் 20 நிமிடங்களுக்குள் வெந்துவிடும். அது சற்று மென்று தின்னும்படி இருப்பதே அவர்களுக்குப் பிடித்த பதம். வூசி நகரத்து முறை நேர் எதிர்: சோயா சாறு, கற்கண்டு, அரிசி மது, அன்னாசிப்பூ, பட்டை எல்லாம் சேர்த்துச் சாறு வற்றிப் பளபளக்கும்வரை மெதுவாகக் கொதிக்கவைப்பது. இரண்டுமே நெஞ்சுவிலாவுக்குத் தகுந்தவை. குருத்தும் கொழுப்பும் இருப்பதால்தான் அந்தச் சுவை. எழுதும்போது ‘நெஞ்சுவிலாத் துண்டு’ என்றால் போதும்.

கொரியாவின் ‘கல்பி’யை அப்படியே கல்பி என்றுதான் எழுத வேண்டும். அது பெரும்பாலும் மாட்டு விலா. சூவோன் நகரம் அதற்குப் பெயர்பெற்றது. சோயா, பூண்டு, நல்லெண்ணெய், அரைத்த பேரிக்காய் ஆகியவற்றில் ஊறவைத்துத் தணலில் சுடுவார்கள். பன்றியில் செய்தால் ‘தொய்ஜி கல்பி’. இத்தாலியில் டஸ்கனி பகுதியின் சுட்ட பன்றி விலாவான ‘ரோஸ்டிச்சானா’ உப்பு, மிளகு, ரோஸ்மேரியோடு முடிந்துவிடும். உணவுப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். துண்டத்தின் பெயர், செய்முறையின் பெயர், பதத்தின் பெயர் மூன்றையும் தமிழில் சொல்லிவிட்டால் சமைக்க முடியும்.

மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் பன்றி விலா எலும்புக் குழம்பான பக்குத் தேயை நினைவூட்டியிருந்தார்கள். ‘இறைச்சி எலும்புத் தேநீர்’ என்று பெயர் இருந்தாலும் குழம்பில் தேயிலை இல்லை. மலேசியாவின் கிள்ளான் நகரில் மூலிகை சேர்ந்த கருஞ்சாறு. சிங்கப்பூரில் தியோச்சியூ சீனர்களின் முறையில் வெள்ளை மிளகும் பூண்டும் காரமாக ஏறிய தெளிசாறு. மலேசியா 2024இல் இதைத் தேசிய மரபுரிமை உணவுகளில் ஒன்றாக அறிவித்தது. அங்கே தமிழர்கள் நாள்தோறும் புழங்கும் பெயர் இது. தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதற்கு வேறு பெயர் வைக்க நமக்கு உரிமையில்லை.

அமெரிக்காவுக்கு வந்தால் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் காத்திருக்கிறது: பதம். மெம்பிஸில் 1948இல் சார்லி வெர்கோஸ் தொடங்கிய ‘ரெண்டெவு’ உணவகம் பொடி மட்டும் தூவிய விலாவுக்குப் புகழ்பெற்றது. கான்சாஸ் சிட்டியில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டிக் குழம்பைப் பூசுவார்கள். முன்னதற்கு ‘உலர் தேய்ப்பு’ என்று ஒரு பரிந்துரை வந்தது. ‘தடவுபொடி’ என்றால் வீட்டுப் பேச்சாக இருக்கும். பின்னதற்குப் ‘பூச்சு’.

பதத்துக்கு வருகிறேன். எலும்பைத் தூக்கினால் கறி கழன்று விழ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சங்கத்தின் போட்டிகளில் அப்படிக் கழன்றால் மிகைவேக்காடு. கடித்த இடத்தில் மட்டும் கறி வந்து, பல் தடம் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தில் முழு வாக்கியம் தேவைப்படுகிறது. நமக்குப் பாகுக்கும் முறுக்குமாவுக்கும் பழகிய ‘பதம்’ இருக்கிறது. கழன்று விழுவது ‘கழல்பதம்’, கடித்தால் விடுவது ‘கடிபதம்’. வினைத்தொகை தானாக வந்து பொருந்துகிறது. இந்த இரண்டு சொற்களையும் நூலின் முன்பகுதியிலேயே விளக்கிவிடுமாறு நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்றுக்கு எனக்குச் சொல் அகப்படவில்லை. அர்ஜென்டினாவின் ‘அசாடோ தெ தீரா’வும் லாஸ் ஏஞ்சலஸ் கொரியர்களின் கல்பியும் மாட்டு விலாவை எலும்புக்குக் குறுக்கே அறுத்த பட்டைகள், ஒவ்வொரு பட்டையிலும் எலும்பு சிறு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ தெரியும். ‘குறுக்குவிலா’ எழுதிப் பார்த்தேன். குறுகிய விலா என்று படிக்க இடமிருக்கிறது. ‘விலாப்பட்டை’ பரவாயில்லை. குமரி மாவட்டத்திலும் கேரள எல்லையிலும் வெண்பன்றி இறைச்சி வெட்டும் கடைகளைத் தெரிந்தவர்கள், அங்கே நெஞ்சுப் பக்கத்து விலாவையும் குறுக்கே வெட்டியதையும் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுத முடியுமா? அங்கே புழங்கும் சொல் ஒன்று இருந்தால் என் நெஞ்சுவிலாவை விட்டுக்கொடுக்க நான் தயார்.

அன்புடன்.