குற்றாலத்தில் கூட்டாக வீடு வாங்குவது குறித்து ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வசிக்கும் நாங்களும், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் என் தம்பிமார் இருவரின் குடும்பங்களும் சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூடுவது வழக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே அறை வாடகை மிகவும் ஏறிவிடுவதால், மேலகரம் பக்கம் ஒரு சிறிய வீட்டை மூவரும் சேர்ந்து வாங்கலாம் என்பது பெரிய தம்பியின் எண்ணம். சின்னவரோ, விடுதிகளில் ஆண்டுதோறும் சில நாள் தங்கும் உரிமையை விற்கும் டைம்ஷேர் திட்டத்தில் உறுப்பினரானால் ஊட்டி, மூணாறு என ஆண்டுக்கொரு ஊருக்குப் போகலாமே என்கிறார்.

டைம்ஷேரில் எனக்குத் தயக்கமே மிகுதி. பெரும்பாலான திட்டங்களில் நாம் வாங்குவது சொத்தை அன்று, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தங்கும் உரிமையை மட்டுமே. போகாத ஆண்டிலும் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும், பள்ளி விடுமுறையில் அறை கிடைப்பதும் உறுதியில்லை. வீட்டிலும் கவலை உண்டு: பூட்டியே கிடந்தால் சுவரில் ஈரம் ஏறும், கதவு உப்பிக்கொள்ளும், கரையானைச் சொல்லவே வேண்டாம்.

உடன்பிறந்தோர் பெயரில் பிரிபடாத பங்காக (இன்ன பகுதி இன்னாருக்கு என்று பிரிக்காமல் கூட்டு உரிமையாக) பத்திரம் பதிந்தவர்கள், பின்னாளில் ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு விலை வைக்கும் முறையை முன்கூட்டியே எழுதிக்கொண்டீர்களா? தென்காசி வட்டாரத்தில் வீடு வைத்திருப்போர், ஆளில்லாத மாதங்களில் காவலுக்கும் துப்புரவுக்கும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய எவ்வளவு செலவாகிறது? நாங்கள் வாங்க நினைக்கும் வீட்டின் வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்த்துவிட்டோம். மலையை ஒட்டிய இடம் என்பதால் வேறெந்தத் துறையின் தடையின்மைச் சான்றையாவது கேட்டு வாங்க வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால், முன்பணம் கொடுக்கும் முன் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.