நங்கநல்லூர் குடும்பக் குழு: பளபளக்காத பெட்டி

ஹரிணி: [புகைப்படம்]

ஹரிணி: எல்லாரும் கேட்ட ஐஷேடோ பேலட், அதாவது இமையில் பூசும் நிறப் பவுடர் பெட்டி, இதுதான். 12 நிறம், ஒன்றில்கூட மினுக்கு கிடையாது, எல்லாமே மேட். பாரிஸ் கம்பெனி, ஊருக்கு வந்த தோழியிடம் சொல்லி வாங்கினேன். கொஞ்ச நாளாக ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். திவ்யா கல்யாணத்துக்கு யாருக்கு என்ன என்று இப்போதே பேசிவிடலாம், முகூர்த்தத்தன்று விடியற்காலை ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டாம்.

பெரியம்மா: விலை?

ஹரிணி: பெரியம்மா, முதல் கேள்வியே இதுவா

பெரியம்மா: வேறு எதைக் கேட்பது? பன்னிரண்டும் எனக்கு ஒரே பழுப்பாகத்தான் தெரிகிறது.

கீதா சித்தி: பிராண்ட் பேர் என்ன ஹரிணி, படத்தில் மூடி தெரியவில்லையே

ஹரிணி: வேண்டுமென்றேதான் சித்தி. பேர் சொன்னால் அடுத்த நிமிஷம் பெரியம்மா கூகுளில் விலை பார்த்துவிடுவார்.

அம்மா: எனக்கே சொல்லவில்லை இவள்.

திவ்யா: அக்கா, ஒரு சந்தேகம். மேட் போட்டால் போட்டோவில் டல்லாகத் தெரியாதா? என்னிடம் இருப்பதெல்லாம் பளபளப்புதான். ரிசப்ஷனுக்கு அதுதான் எடுக்கும் என்று பார்லரில் சொல்கிறார்கள்.

ஹரிணி: ரிசப்ஷனுக்குச் சரி. ஆனால் பளபளப்பு என்பது மைக்கா என்கிற அபிரகத் தகடு, அதன்மேல் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ பூசியிருப்பார்கள், குட்டிக் குட்டிக் கண்ணாடியாக வெளிச்சத்தை நேரே திருப்பி அடிக்கும். ஃபிளாஷ் பட்டால் இமையில் வெள்ளையாக ஒரு திட்டு விழும், சுருக்கம் இருக்கிற இடத்தையெல்லாம் எடுத்துக் காட்டும். மேட்டில் வெளிச்சம் சிதறிப்போகும், அதனால் கண்ணின் பள்ளம் மேடுதான் தெரியும், பவுடர் தெரியாது. முப்பத்தைந்து தாண்டிய யாருக்கும் பகல் வெளிச்சத்தில் மேட்தான் என்பது என் கட்சி. சித்தி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கீதா சித்தி: எதற்குக் கோபம், எனக்கு ஐம்பத்திரண்டு என்று ஊருக்கே தெரியும்.

கார்த்திக்: 80 டாலர் சொச்சம்

ஹரிணி: டேய்

கார்த்திக்: படத்தை அப்படியே தேடினேன், முதல் பக்கத்திலேயே வந்தது

பெரியம்மா: டாலரா! கார்த்தி, நம்ம காசில் சொல்லுப்பா.

கார்த்திக்: இன்றைய ரேட்டுக்கு ஏழாயிரத்துக்கு மேலே

பெரியம்மா: கண்ணை மூடினால்தான் தெரியப்போகிற ஒன்றுக்கு ஏழாயிரமா.

அம்மா: ஹரிணி, சாயங்காலம் வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம்.

ஹரிணி: அம்மா, 24 கிராம் இருக்கிறது, தினமும் போட்டாலும் வருஷக்கணக்கில் வரும். போன தீபாவளிக்கு தி.நகரில் மலிவாக ஒரு மேட் பெட்டி வாங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? பழுப்பு என்று பூசினால் இமையெல்லாம் விபூதி பூசியது மாதிரி ஆகிவிடும். நம் நிறத்துக்கு அதுதான் பெரிய தொல்லை. மேட்டில் கலர் சரியாக எழும்பவில்லை என்றால் மறைக்க மினுக்கும் இல்லை, சாம்பல்தான் மிச்சம்.

வாசு மாமா: அந்தச் சாம்பலுக்குக் காரணம் சொல்கிறேன். வெள்ளை நிறமியும் டால்க்கும் ஏறிப்போய்விட்டது, கலர் நிறமி போதவில்லை. முப்பது வருஷம் பெயின்ட் கம்பெனியில் இருந்தவன் சொல்கிறேன். வெளுப்புத் தோலில் தெரியாது, நம் தோலில் உடனே தெரிந்துவிடும். பெட்டிக்குப் பின்னால் சி.ஐ. நம்பர் போட்டிருப்பான், எந்த நிறமி என்று காட்டும் எண் அது, பார்த்துப் போடு.

ஹரிணி: 77491, 77492, 77499, 77891. டால்க், மைக்கா, பவுடரைப் பிடித்துவைக்கிற ஸ்டியரேட் எல்லாம் இருக்கிறது.

வாசு மாமா: முதல் மூன்றும் இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, அந்த வரிசையில். கடைசியில் இருப்பது டைட்டானியம் வெள்ளை. உன் பெட்டியில் இருக்கிற பழுப்பு எல்லாமே இந்த மூன்று இரும்பையும் கூட்டிக் குறைத்துக் கலந்ததுதான். நம் தாத்தா வீட்டுச் சிவப்புத் தரை இருந்ததே, ரெட் ஆக்சைடு, அதில் போட்டதும் 77491 சாதிதான். சுத்தம் வேறு, அரைத்த பதம் வேறு, அவ்வளவுதான்.

பெரியம்மா: ஆக தரைக்குப் போட்டதைக் கண்ணில் போடுகிறாள்.

வாசு மாமா: அக்கா, தரைக்குப் போடுவதைக் கண்ணில் போடக்கூடாது, அதில் ஈயம் ஆர்சனிக் என்று கசடு இருக்கும். கண்ணுக்கு வருவது கசடு எடுத்தது.

கீதா சித்தி: அப்படியானால் சரக்கு ஒன்றுதான், விலை மட்டும் ஏன் இப்படி?

வாசு மாமா: மேட்டை அழுத்திக் கட்டுவது கஷ்டம் கீதா. அபிரகத் தகடு தானாகவே வழுக்கும், கையில் வெண்ணெய் மாதிரி வரும். மேட்டில் அது குறைவு. அதனால் பவுடரை ரொம்ப நைசாக அரைக்க வேண்டும், பிடித்துக்கொள்ளும் பொருளும் அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் உதிரும், கூடினால் இறுகிப்போய் பிரஷில் ஒட்டவே ஒட்டாது. காசு அங்கேதான் போகிறது. மீதிக் காசு டப்பாவுக்கும் பேருக்கும்.

ராஜி மாமி: எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்தச் சிவப்பு லிப்ஸ்டிக்கில் எல்லாம் பூச்சி போடுகிறார்கள் என்று படித்தேன். இதில் பூச்சி உண்டா?

ஹரிணி: இதில் இல்லை மாமி. கார்மைன் என்று போட்டிருந்தாலோ 75470 என்ற நம்பர் இருந்தாலோதான் பூச்சி. பெரும்பாலும் ரோஸ், மெரூன் நிறங்களில் வரும். திவ்யா, உன்னிடம் இருக்கிற சிவப்புப் பெட்டிகளின் பின்பக்கத்தை ஒரு தடவை பாரு, மாமிக்குக் கொடுப்பதற்கு முன்னால்.

ராஜி மாமி: பெருமாளே. எந்த ஊர்ப் பூச்சி அது?

வாசு மாமா: மெக்ஸிகோ பக்கத்துப் பூச்சி, சப்பாத்திக்கள்ளியில் வளரும். இதில் ஒரு சங்கதி உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஈஸ்ட் இந்தியா கம்பெனி டாக்டர் இந்தப் பூச்சியை வளர்ப்பதற்காகவே நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். சாயத்தில் ஸ்பெயின்காரன் கொழிக்கிறானே என்று கம்பெனிக்கு ஆசை. நினைத்த தரத்தில் சாயம் வரவில்லை, விட்டுவிட்டார்கள்.

ராஜி மாமி: இதை மட்டும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார் பாருங்கள், பால் கார்டு எங்கே என்றால் தெரியாது.

கார்த்திக்: நடுவில் ஒன்று. மண்டபத்துக்கு வேன் இரண்டு போதுமா மூன்று வேண்டுமா? இன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

அம்மா: மூன்று சொல்லு. பக்கத்து வீட்டு மாமியும் வருகிறார்.

திவ்யா: அக்கா நம்ம ஊர் வியர்வைக்கு நிற்கிறதா, அதைச் சொல்லுங்கள் முதலில்

ஹரிணி: அதற்குத்தான் வருகிறேன். வெறும் இமையில் போட்டால் எந்த விலைப் பெட்டியும் நிற்காது. பழவந்தாங்கலில் ரயில் ஏறி கிண்டியில் இறங்குவதற்குள் மடிப்பில் ஒரு கோடு விழுந்துவிடும். இமையில் எண்ணெய், மேலே வியர்வை, பவுடர் என்ன செய்யும். பவுடர் பிடிக்க அடியில் தடவுகிற பிரைமரோ, கருமையை மறைக்கிற கன்சீலரோ மெல்லிசாகத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே அடர்நிறத்தை வைக்காமல், முதலில் தோல் நிறத்தில் ஒரு கோட் ஒற்றிக்கொண்டால் மதியச் சாப்பாடு வரை அசையவில்லை. ஈரத்தில் வைத்தால் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும்.

இன்னொன்று, இந்த மாதிரி நைசான பவுடர் பறக்கும். பிரஷில் எடுத்துத் தட்டிவிட்டுத்தான் இமைக்குக் கொண்டுபோக வேண்டும், ஃபவுண்டேஷன் போடுவதற்கு முன்னால் கண்ணை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கன்னமெல்லாம் பழுப்புத் தூசி. ஃபேன் ஓடினால் கேட்கவே வேண்டாம். ஃபேனை நிறுத்தினால் வியர்க்கிறது, போட்டால் பறக்கிறது. இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் ஆவணி மாதத்து நங்கநல்லூரை நினைத்துச் செய்யவில்லை.

கீதா சித்தி: விரலால் தடவினால் என்ன? எனக்கு பிரஷ் பிடிக்கவே வராது.

ஹரிணி: பளபளப்பை விரலால் வைக்கலாம் சித்தி, நன்றாகவே இருக்கும். மேட்டுக்கு விரல் ஆகாது. விரல் எண்ணெய் பட்டுப்பட்டுப் பெட்டியில் மேல்பக்கம் வழவழவென்று இறுகிவிடும். அப்படி ஆனால் செலோ டேப்பை ஒட்டி எடுத்தால் அந்த ஏடு வந்துவிடும்.

பெரியம்மா: எங்கள் காலத்தில் ஒரே ஒரு மை. அதுவும் வீட்டில் செய்தது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரித்து, விளக்கெண்ணெய் விளக்கு ஏற்றி, மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்து வைப்பாள் அம்மா. காலையில் படிந்திருக்கும் கரியைச் சுரண்டி இரண்டு சொட்டு விளக்கெண்ணெயில் குழைத்தால் கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு.

அம்மா: சாயங்காலத்துக்குள் கன்னம் வரை வழிந்துவிடுமே, அதையும் சொல்லு அக்கா.

பெரியம்மா: வழியும். வழிந்தால் என்ன, துடைத்துக்கொண்டால் போயிற்று.

ஹரிணி: பெரியம்மா, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு நீங்களே வழி போட்டுவிட்டீர்கள். மை வழிவதற்குக் காரணம் அதில் இருக்கும் எண்ணெய். இப்போது கடையில் வரும் காஜலும் மெழுகும் எண்ணெயும்தான், வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தாலும் நம் ஊர் மதியத்துக்குக் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது. மையை வைத்துவிட்டு அதன்மேல் இந்தப் பெட்டியின் அடர்பழுப்பையோ கறுப்பையோ சின்ன பிரஷால் ஒற்றினேன். எண்ணெயைப் பவுடர் பிடித்துக்கொள்கிறது. கண்ணுக்குள் வைக்கவில்லை, முடி வேருக்கு வெளியே மட்டும். ராத்திரி வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதும் வைத்த இடத்திலேயே இருந்தது. பன்னிரண்டு நிறத்தில் எனக்கு இதற்குத்தான் காசு திரும்பியது. மூன்று ஷேடில் மேகம் மேகமாகக் கலந்து போடுவதெல்லாம் வீடியோவில் பார்க்க அழகு, ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு ஆகாது.

பெரியம்மா: அது மட்டும் எனக்கு வைத்துவிடு. பழுப்பு போதும், கறுப்பு வேண்டாம்.

அம்மா: ஏழாயிரம் என்று கேட்டபோது என்ன சொன்னாய் அக்கா?

பெரியம்மா: வாங்கியாகிவிட்டது, வீணாகவா போகவேண்டும்.

திவ்யா: அப்போது மீதி நிறங்கள்?

ஹரிணி: வெளிர் நிறங்கள் நாலு எனக்கு உதவவில்லை, வெண்ணெய் நிறம் வைத்தால் தூக்கலாகத் தெரிகிறது. கீதா சித்தி நல்ல சிவப்பு, அவருக்குப் பொருந்தும். நடுப்பழுப்பு இரண்டும் நம் எல்லோருக்கும் மடிப்பில் வைக்கலாம், நிழல் மாதிரி விழும், பூசியதே தெரியாது. உண்மையில் இந்த விலைக்கு வாங்குவதற்குப் பதில் ஒற்றை ஒற்றையாக நாலு நல்ல மேட் வாங்கினாலே வீட்டுக்குப் போதும். ஆசை, வாங்கிவிட்டேன்.

கீதா சித்தி: இதே பெட்டி ஆன்லைனில் பாதி விலைக்கு இருக்கிறதே, லிங்க் அனுப்பவா?

ஹரிணி: வேண்டாம் சித்தி. பாதி விலை என்றாலே போலியாக இருக்கும். இந்தியாவில் முறையாக விற்கிற வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், பதிவு எண் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் கண்ணுக்குப் போடுகிற எதையும் வாங்காதீர்கள்.

திவ்யா: எனக்கு முகூர்த்தப் புடவை எம்.எஸ். புளூ, அரக்கு பார்டர். அதற்கு?

ஹரிணி: புடவையே பேசும், இமையில் நீலத்தைக் கொண்டு வராதே. மடிப்பில் செம்பழுப்பு, ஓரத்தில் அடர்பழுப்பு, மை. ஹோமப் புகையில் கண்ணில் தண்ணீர் வரும், அதனால் கீழ் இமையில் எதுவும் வேண்டாம். துடைக்கும்போது தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்று. நீ லென்ஸ் போடுகிறாயே, லென்ஸை முதலில் போட்டுவிட்டுத்தான் பவுடரைத் தொட வேண்டும். ரிசப்ஷனுக்கு உன் பளபளப்பை நடு இமையில் மட்டும் வை, சுற்றிலும் மேட்.

ராஜி மாமி: எல்லாரும் ஒரே பிரஷா? போன மழைக்காலத்தில் எங்கள் பிளாட்டில் ஒரு வீடு விடாமல் மெட்ராஸ் ஐ வந்தது, மறந்துவிட்டீர்களா?

ஹரிணி: நல்லவேளை சொன்னீர்கள் மாமி. பெட்டியில் யாரும் நேராகக் கை வைக்க வேண்டாம். நான் சின்னக் கரண்டியால் எவர்சில்வர் தட்டில் சுரண்டி வைத்துவிடுகிறேன், அவரவர் பிரஷ் அவரவருக்கு. யாருக்காவது கண் சிவந்திருந்தால் அன்றைக்கு ஒன்றுமே வேண்டாம், மை உட்பட. மை குச்சியைத்தான் நாம் கைமாற்றிக் கைமாற்றிப் போடுகிறோம், அதுதான் இதைவிட மோசம்.

வாசு மாமா: இதுதான் இன்றைக்குப் பேசியதிலேயே உருப்படியான வார்த்தை.

அம்மா: முகூர்த்தம் ஆறு மணி. அப்போது எத்தனை மணிக்கு ஆரம்பிக்கப் போகிறாய்?

ஹரிணி: கல்யாணப்பெண் முதலில், மூன்றரைக்கு. பிறகு சித்தி, அம்மா, மாமி. பெரியம்மாவுக்கு இரண்டு நிமிஷ வேலைதான்.

கார்த்திக்: முதல் வேன் நாலு மணிக்குக் கிளம்பும். கண் முடிந்தாலும் முடியாவிட்டாலும்.

ஹரிணி: அப்படியானால் வீட்டில் வேண்டாம், மண்டபத்து ஏசி ரூமிலேயே வைத்துக்கொள்ளலாம், ஃபேன் பிரச்சினையும் இல்லை. அந்த ரூம் சாவி யாரிடம்?

கீதா சித்தி: மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்துவிட்டோமே.