2 வாரக் குஞ்சையும் 7 வாரக் குஞ்சையும் எப்போது ஒன்றாக விடலாம்? பெரியது கொத்துகிறது

கேள்வி (பாலிக் பூலாவ்):
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கம்பத்துக் கோழி வளர்க்கிறோம். 7 வாரக் குஞ்சுகளும் இரண்டு முட்டைக் கோழிகளும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ஈப்போவுக்கு வீடு மாறும்போது 2 வாரக் குஞ்சுகளைப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார். எதற்கும் தடுப்பூசி போட்டதில்லை என்றார். பகலில் எல்லாவற்றையும் ஒரே கூட்டில் விட்டோம். சின்னது தீவனத் தட்டுப் பக்கம் வந்தாலே பெரியது துரத்துகிறது. ஒரு குஞ்சுக்கு முதுகில் தோல் கிழிந்து ரத்தம். ராத்திரி இருட்டில் உள்ளே விட்டால் காலையில் பழகிவிடும் என்கிறார் மாமியார். அப்படிச் செய்யலாமா? எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம் போடலாமா?

பதில் (நிபோங் திபால்):
தங்கச்சி, காயம்பட்ட குஞ்சை உடனே தனியாக எடுங்கள். உப்புத் தண்ணீரில் கழுவி, பொவிடோன் மருந்து தடவி, தோல் மூடும்வரை மற்றவற்றிடம் விடவேண்டாம். சிவப்பைக் கண்டால் கோழி கொத்திக்கொண்டே இருக்கும். கூடப் பிறந்த குஞ்சு என்றாலும் விடாது.

மாமியார் சொல்வது வளர்ந்த கோழிகளுக்குச் சரி. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அதனால் சண்டை வராது. ஆனால் விடிந்ததும் யார் பெரியவர் என்ற போட்டி தொடங்கும். ஒரே அளவுள்ள கோழி திருப்பிக் கொத்தும், இல்லையென்றால் ஓடித் தப்பும். 2 வாரக் குஞ்சால் இரண்டும் முடியாது.

கூட்டின் நடுவில் அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். பார்க்கலாம், கொத்த முடியாது. அதற்குள் தலை நுழையாது. சின்னக் குஞ்சுகள் இருக்கும் பக்கம் ஒரு பல்பு வேண்டும். 2 வாரக் குஞ்சுக்கு ஏறக்குறைய 29 டிகிரி சூடு தேவை. பினாங்கில் பகலில் அது தானாகவே கிடைத்துவிடும், ராத்திரி 24, 25க்கு இறங்கும்போதும் மழைக்காற்று அடிக்கும்போதும்தான் போடவேண்டும். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், சிறகை விரித்து ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம்.

பதில் (புக்கிட் மெர்தாஜாம்):
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்குக் கொத்தலைவிடக் கழிச்சல்தான் பயம். பெரிய கோழி ரத்தக்கழிச்சல் கிருமியைச் சிறுகச் சிறுகத் தின்று எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் எச்சத்தில் அந்தக் கிருமியின் முட்டை வரும். அதே எச்சம் கூட்டில் பரப்பிய ஈர உமியில் கிடந்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். 3 முதல் 6 வாரக் குஞ்சுகள்தான் அதிகம் விழும். குளோரெக்ஸ் (வெளுப்பு நீர்) ஊற்றினால் அந்தக் கிருமி முட்டை சாகாது. கொதிநீரும் நல்ல வெயிலும்தான் உதவும். ஆகவே உமி ஈரமானால் அன்றைக்கே அள்ளிவிடுங்கள்.

வந்தவை வேறு வீட்டுக் குஞ்சுகள் என்பதால் வலையைக்கூட உடனே அடிக்கவேண்டாம். முதல் மூன்று, நான்கு வாரம் வீட்டின் மறுபக்கம் வையுங்கள். சிறியதற்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு அப்புறம் பெரியதிடம் போங்கள். சிலிப்பரையும் மாற்றிக்கொள்ளுங்கள், சேறு அதில்தான் ஒட்டிக்கொண்டு வரும்.

கேட்டவர்:
நன்றி. சின்னதில் ஒன்று இன்று சிறகைத் தொங்கப்போட்டுக் குறுகி நிற்கிறது. எச்சத்தில் சிவப்பாக ஏதோ தெரிகிறது. பயமாக இருக்கிறது.

பதில் (புக்கிட் மெர்தாஜாம்):
காத்திருக்கவேண்டாம் தங்கச்சி. எச்சத்தைப் பையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் இன்றே போங்கள். ரத்தக்கழிச்சல் என்று அவர் உறுதிசெய்தால் பெரும்பாலும் ஆம்ப்ரோலியம் தருவார், தண்ணீரில் கலக்கும் மருந்து. அந்த நாட்களில் வைட்டமின் பி தண்ணீர் கொடுக்கவேண்டாம். பி1 அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். நோய்ப்பட்டது தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள், குடிக்காவிட்டால் சொட்டு சொட்டாக அலகில் விடுங்கள். மற்ற குஞ்சுகளுக்கும் மருந்து வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

பதில் (பட்டர்வொர்த்):
தீவனம் பற்றி யாரும் சொல்லவில்லை அக்கா. முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5, 4 சதவீதம். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். அதையே தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். கலந்து விடும் காலம் வந்ததும் எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீவனம் போட்டு, முட்டைக் கோழிக்குச் சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்பட்டதுதான் தின்னும். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒரே தட்டென்றால் வலுத்தது காவல் நிற்கும்.

குஞ்சு குணமாகித் தனிமைக் காலமும் முடிந்தபின் வலையை அடியுங்கள். ஒன்றிரண்டு வாரம் பார்த்துப் பழகியதும் வலையின் அடியில் ஒரு சின்ன வாசல் வெட்டுங்கள். சின்னது நுழையவேண்டும், பெரியதின் நெஞ்சு தட்டவேண்டும். அளவை உங்கள் கோழியை வைத்தே பாருங்கள். துரத்தினால் சின்னது தன் பக்கம் ஓடிவரும். முதலில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறங்கள். சின்னது பெரியதின் உடம்பில் முக்கால் பங்கு வந்தபின் வலையை எடுக்கலாம்.